புகாரை வங்கியின் மேல் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

முதிர்வு நாளில் வைப்புத்தொகையை வாங்கப் போகும் முதியவரிடம், "இது போன வருஷமே முடிச்சாச்சே" என்று கிளையில் கைவிரிக்கும் செய்திகள் நாளிதழ்களில் புதிதல்ல. செய்தி வந்த அன்று ஊழியர் கைதானதும் தொகை எவ்வளவு என்பதும் தெரிகிறது. பணம் திரும்பக் கிடைத்ததா என்பதை யாரும் எழுதுவதில்லை. பல குடும்பங்களுக்கு அது கிடைக்காமல் போவதற்கு அவர்கள் எழுதும் முதல் கடிதமே காரணமாகிவிடுகிறது. "இன்னார் என் அப்பாவிடம் பணம் வாங்கி ஏமாற்றிவிட்டார்" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். வங்கிக்கு இதைவிட வசதியான கடிதம் வேறில்லை. இது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான சொந்தக் கொடுக்கல் வாங்கல், வங்கிக்குச் சம்பந்தமில்லை என்று பதில் வந்துவிடும்.

கடிதம் இப்படி இருக்க வேண்டும்: "உங்கள் கிளையில் உள்ள என் கணக்கிலிருந்து, என் அனுமதி இல்லாமல், இந்தத் தேதியில் இந்தத் தொகை பற்று வைக்கப்பட்டுள்ளது. அதை வட்டியோடு என் கணக்கில் திரும்ப வரவு வையுங்கள்." ஊழியரின் பெயர் இரண்டாவது பத்தியில் வந்தால் போதும். கணக்கு வங்கியிடம் இருக்கிறது, பணம் வங்கியிடம் இருந்தது, திருப்பித் தர வேண்டியதும் வங்கிதான்.

இந்த வேறுபாடு வெறும் சொல்லலங்காரம் அல்ல. 1978ல் ஒரு வழக்கில், வங்கியில் வேலை செய்த பக்கத்து வீட்டுக்காரரிடம் நம்பிக் கொடுத்த பணத்தை அவர் கையாடினார். அவர் அதை வங்கி ஊழியராக வாங்கவில்லை, தெரிந்தவராகத்தான் வாங்கினார், ஆகவே வங்கி பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்றைக்கும் வங்கி வழக்கறிஞர்கள் முதலில் எடுத்து வைப்பது அந்தத் தீர்ப்பைத்தான். மாறாக, 2022 பிப்ரவரியில் கிசான் விகாஸ் பத்திர வழக்கு ஒன்றில், ஊழியர் தம் பணியின் போக்கில் செய்த மோசடிக்கு அஞ்சல் துறையே பொறுப்பு என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: அந்த ஆள் அதைச் செய்தது வங்கி ஊழியராகவா, வீட்டுக்கு வந்து போகும் பழக்கக்காரராகவா?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சிக்கலானது. கருங்கல், மார்த்தாண்டம், குளச்சல் பக்கமெல்லாம் பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கிறார்கள், வீட்டில் பெற்றோர் தனியாக இருக்கிறார்கள். கிளையில் இருப்பவர் பெரும்பாலும் ஊர்க்காரர், கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் பார்க்கிற முகம். "பாட்டா, இந்த வெயிலுல நீங்க எதுக்கு வாறிய, ஒரு கையெழுத்து மட்டும் போட்டுத் தாங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்பார். அப்படிச் சொல்கிற பத்துப் பேரில் ஒன்பது பேர் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். வாங்கிப் போகும் தாள் வெற்றுத் தாளாக இருந்தால், யார் அந்தப் பத்தாவது ஆள் என்று தெரிய வருவதற்குள் ஓராண்டு ஓடிவிடும்.

எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் எங்கே தேட வேண்டும் என்பது தெரியும். பெரும்பாலும் முதலில் நடப்பது கைப்பேசி எண் மாற்றம். கே.ஒய்.சி. எனும் அடையாள விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று படிவத்தில் கையெழுத்து வாங்கி, எண் இருக்கும் கட்டத்தில் வேறு எண்ணை எழுதிவிட்டால் அதன்பின் எஸ்.எம்.எஸ். வீட்டுக்கு வராது. மகன் வெளிநாடு போகும்போது ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம்தான் பதிவில் இருக்கிறது என்றால், எண்ணை மாற்ற வேண்டிய வேலைகூட இல்லை.

அடுத்தது வைப்புத்தொகை. அதை முன்கூட்டி முடிப்பது துணிச்சலான வழி. தந்திரமான வழி, அதன் பேரில் ஓவர்டிராஃப்டோ கடனோ எடுப்பது. ரசீது வீட்டுப் பெட்டியில் அப்படியே இருக்கும், கணினியில் வைப்புத்தொகையும் உயிரோடு இருக்கும், ஆனால் 90 சதவீதம் வரை கடனாகப் போயிருக்கும். முதிர்வு நாளில்தான் குட்டு உடையும். வட்டியை மாதாமாதம் வேறு பணத்திலிருந்து சரியாகப் போட்டு வந்தால் யாருக்கும் சந்தேகமே வராது. கலர் பிரிண்டரில் அடித்த போலி ரசீது மூன்றாவது வகை. பணம் வாங்கப்பட்டிருக்கும், கணக்கே தொடங்கப்பட்டிருக்காது.

பணம் எடுக்கும் சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். காசோலை வேறு, இந்தச் சீட்டு வேறு. கணக்குக்காரர் நேரில் பாஸ்புக்கோடு வந்தால் மட்டுமே இதற்குப் பணம் தர வேண்டும். இன்னொருவர் கையில் கொடுத்தனுப்பிய சீட்டுக்குக் கவுன்டரில் பணம் தந்திருந்தால் அது வங்கியின் தவறு. கையெழுத்துப் போட முடியாத, படுக்கையில் கிடக்கும் முதியவர் கைநாட்டோ கால் விரல் ரேகையோ வைக்கலாம். அதற்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். சீட்டின் பின்பக்கத்தைப் பார்த்தால் சாட்சி உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

கிராமங்களில் கைரேகை இயந்திரத்தோடு வரும் வங்கி முகவர்களிடம் ஒரு பழைய வித்தை உண்டு. "ரேகை விழல்ல, மறுபடியும் வைங்க" என்பார்கள். முதல் முறையே விழுந்திருக்கும். இரண்டு பற்றில் ஒன்று உங்கள் கைக்கு வரும். ஒவ்வொரு முறை விரல் வைத்ததற்கும் அச்சுச் சீட்டு கேட்க வேண்டும், தோல்வி என்றால் தோல்வி என்று அச்சிட்ட சீட்டு. தேவைப்படாத நாட்களில் ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. முகவர் வங்கியின் சம்பளப் பட்டியலில் இல்லை என்று சொல்லி வங்கி நழுவ முடியாது. தான் நியமித்த முகவரின் செயலுக்கு வங்கிதான் பொறுப்பு.

சந்தேகம் வந்தால் பாஸ்புக்கை மட்டும் நம்பாதீர்கள். பாஸ்புக்கில் சேமிப்புக் கணக்கு மட்டும்தான் இருக்கும். வாடிக்கையாளர் எண்ணின் கீழ் உள்ள எல்லாக் கணக்குகளின் பட்டியலையும் கேளுங்கள்: சேமிப்பு, வைப்பு, கடன், ஓவர்டிராஃப்ட், நகைக் கடன், முடிக்கப்பட்டவை உட்பட. "முடிக்கப்பட்டவை உட்பட" என்று எழுத மறந்தால் அவை பட்டியலில் வராது. வங்கிக்குப் போகாமலே பார்க்க இரண்டு வழிகள் உள்ளன. வருமான வரித் துறை இணையதளத்தில் பான் எண்ணின் கீழ் வரும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் வங்கிவாரியாக வட்டி விவரம் இருக்கும். 10 லட்சத்துக்கு ஆண்டு முழுவதும் வட்டி வர வேண்டிய இடத்தில் நாலு மாத வட்டி மட்டும் காட்டினால் கதை புரிந்துவிடும். மற்றொன்று கடன் தகவல் நிறுவனங்களின் அறிக்கை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அம்மா வாங்காத கடன் அம்மா பெயரில் இருந்தால் பெரும்பாலும் அங்கே தலைகாட்டும்.

மோசடி என்று தெரிந்த நாளிலேயே கடிதம் கொடுத்துவிட வேண்டும். கணக்குக்காரர் பெயரில், அவர் கையெழுத்தோடு. மகனோ மருமகளோ தங்கள் பெயரில் எழுதினால், வாடிக்கையாளர் ரகசியம் என்று சொல்லி ஒரு தாள்கூடத் தரமாட்டார்கள். இன்னாருக்கு என் சார்பில் தகவல் தரலாம் என்ற அதிகாரக் கடிதத்தையும் கூடவே இணைத்துவிடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். "மேனேஜர் லீவு" என்று இழுத்தால் கிளைக்கும் மண்டல அலுவலகத்துக்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பொதுத்துறை வங்கி என்றால் தலைமைக் கண்காணிப்பு அதிகாரிக்கும் ஒரு நகல் போகட்டும். கிளைக்குள் அமுக்கப் பார்க்கும் விஷயம் அப்போது அமுங்காது.

அந்தக் கடிதத்தில் கேட்க வேண்டியவை: சர்ச்சைக்குரிய ஒவ்வொரு பற்றின் வவுச்சர் (பணம் எடுத்ததற்கான சீட்டு) நகல், முன்பக்கமும் பின்பக்கமும்; பணத்தை வாங்கியவர் போட்ட கையெழுத்து; வைப்புத்தொகையை முடிக்கக் கொடுத்த விண்ணப்பம்; கடன் எடுத்திருந்தால் கடன் பத்திரம்; கைப்பேசி எண் மாற்றப் படிவம்; பதிவைச் செய்தவர், அதை ஒப்புதல் செய்தவர் இருவரின் பயனர் எண்கள். கடைசியில் சொன்னதுதான் உயிர்நாடி. வங்கிக் கணினியில் ஒருவர் பதிவு செய்தால் மற்றொருவர் ஒப்புதல் தர வேண்டும். இரண்டும் ஒரே ஆளின் கையால் நடந்திருந்தால், கடவுச்சொல்லை மேசைமேல் எழுதி வைத்த மேலதிகாரியின் அலட்சியம் வெளியே வரும். அப்போது இது தனி ஊழியர் ஒருவரின் திருட்டு என்று வங்கி பேச முடியாது. உள் ஆவணங்களை வங்கி உடனே தராமல் இருக்கலாம். எழுத்தில் கேட்டுவிட்டால் பிறகு "அழித்துவிட்டோம்" என்று சொல்வது கடினம். பரிவர்த்தனை ஆவணங்களை, நடந்த நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டமே சொல்கிறது. சிசிடிவி பதிவுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. இந்தத் தேதி, இந்த நேரம், இந்தக் கவுன்டர் என்று குறிப்பிட்டு அதைப் பாதுகாக்கும்படி தனியாக ஒரு வரி எழுதுங்கள். லாக்கர் அறையின் பதிவுக்கு மட்டும் குறைந்தது 180 நாள் என்று வரையறை உண்டு. லாக்கரில் ஊழியரே கைவைத்திருந்தால் ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை வங்கி தர வேண்டும்.

"மாதாமாதம் பாஸ்புக் போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா?" என்று மேலாளர் கேட்பார். முதியவர் அங்கேயே தலைகுனிந்துவிடுவார். குனிய வேண்டியதில்லை. போலிக் கையெழுத்துள்ள காசோலைக்குப் பணம் தர வங்கிக்கு அதிகாரமே இல்லை என்றும், வாடிக்கையாளர் பாஸ்புக்கைச் சரிபார்க்கவில்லை என்பதால் மட்டும் வங்கி தப்ப முடியாது என்றும் 1987லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பணம் இணையவழியிலோ கார்டு மூலமோ போயிருந்தால், ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த வாடிக்கையாளர் பொறுப்பு விதிகளைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். மூன்று வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் சொல்வது வெளியாட்கள் செய்யும் மோசடிக்கு. வங்கியின் பக்கம் மோசடியோ குறைபாடோ இருந்தால், எப்போது சொன்னாலும் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை. நிரூபிக்கும் சுமையும் வங்கியுடையது. ஆனால் ஓடிபியை நாமே கொடுத்திருந்தால் வங்கி அதைப் பிடித்துக்கொள்ளும். கிளைக்குள் வைத்து, வேலை நேரத்தில், ஊழியர் கேட்டுத்தான் கொடுத்தோம் என்பதை அப்போதே எழுத்தில் பதிந்துவிடுங்கள். 1930 என்ற எண்ணுக்கும் உடனே அழையுங்கள். பணம் இன்னும் வேறு கணக்கில் கிடந்தால் முடக்க வாய்ப்புண்டு.

இனி, நம் ஊரில் அதிகம் பேர் சறுக்கும் இடம். விஷயம் வெளியே வந்த இரண்டாம் நாள் ஊழியரின் மனைவியோ மாமனாரோ, சில நேரம் ஊர்ப் பெரியவர்களோடும் தேவாலயப் பங்கு நிர்வாகிகளோடும், வீட்டுக்கு வருவார்கள். "பிள்ளைக்கு வேலை போயிரும், பாதியை இப்ப தாறோம், மீதிக்குப் பத்திரம் எழுதித் தாறோம், புகாரை வாபஸ் வாங்குங்க." இரக்கப்படுவதில் தப்பில்லை. ஆனால் கடன் பத்திரம் வாங்கிய அந்த நிமிடமே வங்கியின் பொறுப்பு உங்களுக்கும் அவருக்கும் இடையிலான கடனாக மாறிவிடும். 1978 தீர்ப்புக்கு நீங்களே சாட்சி எழுதிக் கொடுத்த மாதிரி. பணம் தருவதாக இருந்தால் வங்கிக் கணக்கு வழியாக மட்டும் வாங்குங்கள். "பகுதித் தொகை பெறப்பட்டது, மீதிக்கு வங்கியிடம் உள்ள உரிமை தொடர்கிறது" என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். "முழுத் திருப்தி" என்ற சொல் இருந்தால் கையெழுத்து வேண்டாம். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: வங்கியாளர் செய்யும் நம்பிக்கை மோசடி, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(5)ன்படி ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய, சமரசம் செய்துகொள்ள முடியாத குற்றம். நீங்கள் வாபஸ் என்று எழுதிக் கொடுத்தாலும் வழக்கு சட்டப்படி முடிந்துவிடாது. உங்கள் பணத்துக்கான வழிதான் அடைபடும்.

காவல் நிலையத்தில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டே மனு எழுதுங்கள். 2024 ஜூலை 1க்கு முன் நடந்தது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 409ஆம் பிரிவு. போலிக் கையெழுத்து, கணக்கைத் திருத்தியது ஆகியவற்றைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். சி.எஸ்.ஆர். ரசீது தந்து அனுப்பிவிட்டால் வழக்குப் பதிந்ததாக நினைத்துவிடாதீர்கள். அது மனு பெற்றதற்கான ரசீது, முதல் தகவல் அறிக்கை அல்ல. பதிய மறுத்தால் நாகர்கோவிலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். தொகை பெரிது என்றால் மாவட்டக் குற்றப்பிரிவு விசாரிக்கும். 60 வயது தாண்டியவரையும் பெண்களையும் சாட்சியாக விசாரிக்கக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது, வீட்டில் வந்துதான் கேட்க வேண்டும் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு சொல்கிறது. எண்பது வயதுக்காரரை ஆட்டோவில் ஏற்றிக் காலை முதல் மாலை வரை பெஞ்சில் உட்கார வைக்கும் கொடுமை இனி வேண்டாம்.

"போலீசில் கேஸ் இருக்கிறது, முடியட்டும்" என்று வங்கி சொல்லும். அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். குற்ற வழக்கோ போலீஸ் விசாரணையோ நடப்பது அதற்குத் தடையல்ல. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் பதியலாம், 14448ல் விவரம் கேட்கலாம். இணையம் கைவராதவர்கள் சண்டிகரில் உள்ள மையப் புகார்ப் பிரிவுக்குத் தபாலில் அனுப்பலாம். விரிவான சாட்சி விசாரணை தேவைப்படும் என்று தோன்றினால் குறைதீர்ப்பாளர் புகாரை முடித்துவிடுவார். அதனால் கதையைக் குறைத்து, வவுச்சர் நகல், தேதி, விதிமீறல் என்று தாள் பேசும்படி எழுத வேண்டும்.

நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்திலும் இதே கவனம் வேண்டும். இரண்டாண்டுக்குள் போக வேண்டும். மோசடி, கூட்டுச்சதி போன்ற சிக்கலான சர்ச்சைகளை நுகர்வோர் ஆணையம் தீர்மானிக்க முடியாது என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே அங்கே "சேவைக் குறைபாடு" என்பதுதான் மனுவின் முதுகெலும்பாக இருக்க வேண்டும்: பாஸ்புக் இல்லாமல் பணம் தந்தது, சாட்சி இல்லாமல் கைநாட்டை ஏற்றது, எண் மாற்றத்தைச் சரிபார்க்காமல் விட்டது. பெண்களுக்கு, வருமானம் எதுவானாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும், எண் 15100.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பணம் போட்டவர்களுக்கு வழியே வேறு. ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர் அங்கே வரமாட்டார், வைப்புத்தொகைக் காப்பீடும் கிடையாது. மனு கூட்டுறவு இணைப்பதிவாளருக்கு. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 81ன் கீழ் விசாரணை, 87ன் கீழ் இழப்பை வசூலிக்கும் தண்டத் தீர்வை நடவடிக்கை என்று பிரிவைச் சொல்லியே கேளுங்கள். காவல் துறையில் வணிகக் குற்றப் புலனாய்வுப் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. சங்கத்தில் அடகு வைத்த நகையைப் பற்றிய புகார் என்றால், அடகுச் சீட்டில் எழுதிய எடையையும் திரும்ப வந்த எடையையும் கவுன்டரை விட்டு நகரும் முன் ஒத்துப் பார்த்துக்கொள்வது தவிர வேறு மருந்து இல்லை.

எஃப்.டி. (வைப்புத்தொகை) என்று சொல்லிக் காப்பீட்டுப் பாலிசியைத் தலையில் கட்டுவதையும் இதோடு குழப்ப வேண்டாம். பாலிசி கையில் கிடைத்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், சிறு கழிவு போகப் பணம் திரும்பும். அந்த 30 நாளும் பாலிசியைக் கொடுக்காமல் மேசை இழுப்பறையில் வைத்திருக்கும் கிளைகள் உண்டு. தபால் உறையில் உள்ள தேதி முத்திரையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி அதிகாரிகளுக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஒரு கோரிக்கை. 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து வங்கிச் சேவை தர வேண்டும் என்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. அது முறையாக நடந்தால், தெரிந்த ஊழியரிடம் வெற்றுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் தேவையே பாதி குறையும். எந்தக் கிளையில் அந்தச் சேவை உண்டு, யாரை அழைக்க வேண்டும், வருபவரிடம் என்ன அடையாள அட்டை, என்ன ரசீது கேட்க வேண்டும் என்பதைக் கிளையின் வாசலில் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவரின் வைப்புத்தொகை முன்கூட்டி முடிக்கப்பட்டாலோ, அதன்மேல் கடன் கொடுக்கப்பட்டாலோ, கைப்பேசி எண் மாற்றப்பட்டாலோ, பழைய எண்ணுக்கு ஒரு எஸ்.எம்.எஸ்., வீட்டு முகவரிக்கு ஒரு தபால், மண்டல அலுவலகத்திலிருந்து நேரடியாகப் போகட்டும், கிளை வழியாக வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கிப் பணியாளர்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.